ஏரி வற்றவும் மாட்டேன் என்கிறது, பச்சையும் போக மாட்டேன் என்கிறது: தூர் வாரினால் தீருமா?

கரையோரவாசி | சனி, இரவு 9.12

எங்கள் நாற்பது ஏக்கர் ஏரி தாம்பரத்துக்குக் கிழக்கே, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத் தண்ணீர் அனுப்பும் ஏரிச் சங்கிலியில் ஒன்று. இதே கதை பல ஏரிகளுக்கும் பொருந்தும் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். முன்பெல்லாம் வைகாசியில் கரைக்கு எதிர்ப்பக்கச் சரிவான உள்வாய் காய்ந்து பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது கத்திரி வெயிலிலும் தண்ணீர் நிற்கிறது. பார்க்கிறவர்கள் ஏரி நிறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் நிறம் கரும்பச்சை, மேற்கு மூலை முழுக்க ஆகாயத்தாமரை. விடியற்காலையில் போனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

குடியிருப்போர் சங்கத்திடம் ஒரு ஒப்பந்த நிறுவனம் திட்டம் கொடுத்திருக்கிறது. முழு ஏரியையும் மூன்று மீட்டர் ஆழத்துக்குத் தூர் வாருவது, நாலு பக்கமும் கரை கட்டி நடைபாதை போடுவது, வரத்துக் கால்வாயை கான்கிரீட் வடிகாலாக மாற்றுவது, நடுவில் நீரூற்று, மாதாமாதம் நுண்ணுயிர்க் கரைசல். அடுத்த ஞாயிறு கூட்டம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று தெரிந்தாக வேண்டும். ஏரிக்குள் வருகிற சாக்கடை, இலைதழை, சோப்புத் தண்ணீர் எல்லாம் கடைசியில் என்னவாகிறது? இந்தத் திட்டம் அதை வெளியேற்றுமா?


நாணல் | சனி, இரவு 11.40

கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் விளங்கும். மூன்றும் ஒரே சாக்கடையில் ஒன்றாக வருகின்றன, ஆனால் ஏரியை விட்டு வெளியேறும் வழி ஒவ்வொன்றுக்கும் வேறு. நான் நன்னீர்ச் சூழலியலில் வேலை செய்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீரிலிருந்து அம்மோனியமாக வருகிறது. ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டையே மூச்சுக்குப் பயன்படுத்தி நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். காற்றில் 78 சதவீதம் இருப்பதும் அதே வாயுதான், யாருக்கும் தொந்தரவில்லை. ஆக, ஆக்சிஜன் உள்ள இடமும் இல்லாத இடமும் அடுத்தடுத்து இருந்தால் மட்டுமே இந்த வேலை முடியும். ஏரியில் அப்படிப்பட்ட இடம் எது என்றால் முழங்கால் ஆழத் தண்ணீரில் சம்பும் கோரையும் நிற்கிற ஓரம். அந்தச் செடிகளின் தண்டுக்குள் காற்றறைகள் உண்டு. வேர் வரைக்கும் ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேற்றில் கசியவிடும். வேரைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் வரை ஆக்சிஜன், அதற்கு அந்தப் பக்கம் இல்லை. அம்மோனியம் வேர் அருகே நைட்ரேட்டாகி, சற்றுத் தள்ளிப் போய் வாயுவாகிறது. இந்தக் கடைசிக் கட்டம் பாதியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு சூடேற்றும். வேலை நடப்பது முக்கியம், முழுதாக நடப்பது அதைவிட முக்கியம்.

கார்பன் இலையாக, பாசியாக, மலமாக உள்ளே வரும். ஆக்சிஜன் இருந்தால் மக்கிக் கரியமில வாயுவாகும். ஆக்சிஜன் தீர்ந்தால் நுண்ணுயிர்கள் வரிசையாக நைட்ரேட்டை, இரும்பை, சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடும். எல்லாம் தீர்ந்த பிறகு மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் முறை. மக்காதது வண்டலில் புதையும். உலக அளவில் இதற்கு ஒரு கணக்கு 2007-இல் வந்தது. நிலத்திலிருந்து ஆறு, ஏரி, குளங்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 190 கோடி டன் கார்பன் வருகிறது. கடலுக்குப் போய்ச் சேர்வது சுமார் 90 கோடி டன். மிச்சத்தில் குறைந்தது 80 கோடி டன் வழியிலேயே காற்றில் கலக்கிறது, 20 கோடி டன் வண்டலில் தங்குகிறது. பின்னால் வந்த ஆய்வுகள் காற்றில் கலக்கும் பங்கை இன்னும் கூட்டியிருக்கின்றன. அதாவது நன்னீர் நிலைகள் கார்பனைச் சுமந்துபோய்க் கடலில் இறக்குவதோடு நிற்பதில்லை. வருகிற சரக்கில் பாதிக்கு மேல் இங்கேயே கையாளப்பட்டுவிடுகிறது.

பாஸ்பரஸுக்குக் காற்று வழி கிடையாது. அது இரும்போடும் களிமண்ணோடும் ஒட்டிக்கொண்டு அடியில் தங்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்த இரும்பு கரையும், பிடித்து வைத்த பாஸ்பரஸும் தண்ணீருக்குள் திரும்பிவிடும். சாக்கடையை இன்றைக்கே நிறுத்தினாலும் சேற்றில் சேர்ந்தது பல ஆண்டுகள் பச்சையைத் தக்கவைக்க இதுதான் காரணம். கனடாவில் 226 என்று எண் கொடுத்த ஏரி ஒன்றை 1973-இல் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும், மறு பாதியில் கூடவே பாஸ்பரஸும் போட்டார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பாசி பிடித்துப் பச்சையானது. வானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது, பல நாடுகள் சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த அதுவும் ஒரு காரணம்.

எனவே உங்கள் ஏரியைப் பொறுத்தவரை நான் முதலில் கேட்பது, பாஸ்பரஸ் எந்த வழியாக வெளியே போகிறது என்பதைத்தான்.


பழைய மதகு | ஞாயிறு, காலை 6.05

நாணல் அம்மா கடைசியில் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். நான் பாசனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

நம் பக்கத்து ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான், மிஞ்சினால் வளைந்து இரண்டு பக்கம் வரும். எதிர்ப்பக்கம் உள்வாய், மெல்லச் சரிந்து மேட்டு நிலத்தோடு கலந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் நிறையும், மிஞ்சிய தண்ணீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். தை முதல் மதகைத் திறந்து ஆயக்கட்டு வயல்களுக்குப் பாய்ச்சுவார்கள். சித்திரை வைகாசியில் ஏரி வற்றும், வண்டலை மாட்டு வண்டியில் அள்ளி வயலில் கொட்டுவார்கள். பாஸ்பரஸ் என்ற பெயர் யாருக்கும் தெரியாது, ஆனால் அது வருடா வருடம் மதகு வழியாகவும் வண்டி வழியாகவும் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நெல்லோடு ஊரை விட்டும் போனது.

இப்போது ஆயக்கட்டு முழுக்க அடுக்குமாடி. மதகைப் பூசி அடைத்துவிட்டார்கள். வண்டல் எடுப்பார் இல்லை. அதே நேரம் மேலே உள்ள வீடுகளின் கழிவுநீர் மழைநீர்க் கால்வாய் வழியாக 365 நாளும் உள்ளே வருகிறது. போகும் வழி எல்லாம் அடைபட்டு, வரும் வழி மட்டும் பெருகியிருக்கிறது. கரையோரவாசி தம்பி, உங்கள் ஏரி கத்திரியில் வற்றாததற்குக் காரணம் மழை அல்ல.

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. நம் ஏரிகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் வெளியே நிற்பவை. பள்ளிக்கரணை 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 1,247 ஹெக்டேருக்கு மேல் இடம் பிடித்தது பெரிய விஷயம்தான். ஆனால் அதற்குத் தண்ணீர் அனுப்பும் ஏரிகளைக் கவனிக்காமல் அதை மட்டும் காப்பாற்ற முடியாது.


ஏஜிஎஸ் வேளச்சேரி | ஞாயிறு, காலை 8.31

எங்கள் குடியிருப்புக் குளத்தில் நீரூற்று போட்டபிறகு நாற்றம் நன்றாகவே குறைந்தது. அதை எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.


நாணல் | ஞாயிறு, காலை 10.15

குறைந்திருக்கும், மறுக்கவில்லை. நாற்றத்தின் பெரும்பகுதி ஹைட்ரஜன் சல்பைடு, ஆக்சிஜன் கிடைத்தால் அது அடங்கும். சின்னக் குளத்தில் மீன் பிழைக்கவும் உதவும். 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும். அதிலும் பாசி மண்டிய ஏரியில் பகலில் தேவைக்கு மேல் ஏறும், ராத்திரி பாசியும் சேறும் சேர்ந்து தின்று தீர்த்துவிடும். மீன் விடியற்காலையில் தத்தளிப்பது அதனால்தான். பிற்பகலில் வேறு ஆபத்து இருக்கிறது. பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்சத் தண்ணீரின் காரத்தன்மை (pH) ஏறும், அப்போது அம்மோனியம் மீனுக்கு விஷமான அம்மோனியாவாக மாறும்.

ஆனால் நாற்பது ஏக்கர் ஏரியில் நடுவே நான்கு நீரூற்று சுற்றியுள்ள சில மீட்டருக்குத்தான் பயன். பாஸ்பரஸை ஒரு கிராம்கூட வெளியேற்றாது. நுண்ணுயிர்க் கரைசலும் அப்படித்தான். தேவையான பாக்டீரியா எல்லாம் சேற்றில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு இல்லாதது ஆக்சிஜனும் அவகாசமும். பாட்டிலில் வாங்கி ஊற்றுவதால் அந்த இரண்டும் வந்துவிடாது.

பழைய மதகு ஐயா வற்றுவதைப் பற்றிச் சொன்னதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த இழையில் மிக முக்கியமானது. ஏரிப்படுகை காய்ந்து வெடிக்கும்போது ஆக்சிஜன் சேற்றுக்குள் இறங்குகிறது. கரைந்த இரும்பு மறுபடி துருவாகிப் பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்கிறது. மீத்தேனாக வேண்டிய கார்பன் கரியமில வாயுவாகப் போகிறது. அதுவும் வெளியேற்றம்தான், ஆனாலும் மீத்தேனைவிடப் பல மடங்கு தேவலை. வண்டல் இறுகுகிறது, கோரை விதைகள் முளைக்கின்றன. முதல் மழையில் நனையும்போது ஒரு தடவை சத்துகள் வேகமாக வெளிவரும், பிறகு அடங்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பி வெட்டிய ஏரிக்கு இந்த வற்றலும் நிறைவும்தான் செரிமானம். ஆண்டு முழுக்கச் சாக்கடை நிற்கும்போது அது நின்றுபோகிறது.


கணக்குப்புள்ளி | ஞாயிறு, மதியம் 1.48

ஒரு நேரடிக் கேள்வி. ஈரநிலங்கள் மீத்தேன் விடுகின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள். மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் 27 முதல் 30 மடங்கு, இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். அப்படியானால் பருவநிலைக் கோணத்தில் சதுப்பையும் குட்டையையும் காப்பாற்றுவதைவிட மூடிவிடுவது நல்லதல்லவா? ஒவ்வொரு ஏரிக்கரையிலும் கார்பனைச் சேமிக்கும் இடம் என்று பலகை வைக்கிறார்கள். அது உண்மையா?


நாணல் | ஞாயிறு, இரவு 10.02

பலகை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். சாக்கடை விழும் நகரத்துக் குட்டையைக் கார்பன் சேமிப்பு என்று விற்பது தவறு. 2016-இல் வந்த ஓர் உலகக் கணக்கின்படி, கால் ஏக்கருக்கும் குறைவான மிகச் சிறிய குட்டைகள் ஏரி குளங்களின் மொத்தப் பரப்பில் 8.6 சதவீதம்தான். ஆனால் தண்ணீர்ப் பரப்பிலிருந்து கரைந்து வெளியேறும் மீத்தேனில் அவற்றின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆழம் குறைவு, சேறு அதிகம் என்பதால் அடியில் உண்டாவது உடனே மேலே வந்துவிடுகிறது. குமிழியாக வருவது இதற்கு மேல் தனிக் கணக்கு. வோல்டா 1776-இல் இத்தாலியில் மஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்துத்தான் இந்த வாயுவைக் கண்டறிந்தார். நம் ஏரி ஓரத்தில் ஒரு கம்பை விட்டுக் கிளறினால் இன்றும் அதுதான் வரும்.

ஆனால் மூடினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வடித்துக் காயவைத்தால் நூற்றாண்டுகளாகச் சேற்றில் கிடந்த கார்பன் மக்கிக் காற்றில் கலக்கும். மேலிருந்து வரும் சாக்கடை நிற்காது, அடுத்த ஏரிக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போய் அங்கே மீத்தேனாகும். நைட்ரேட்டை வாயுவாக்கும் ஓரம் போய்விடும். வெள்ளம் நிற்க இடமிருக்காது, 2015-லும் 2023-லும் அதைத் தென்சென்னை கண்ணால் பார்த்தது.

மீத்தேனைக் கூட்டுவது ஈரநிலம் என்பதைவிட அதற்குள் நாம் கொட்டும் தீனி என்று சொல்வதுதான் சரி. அதே பரப்பு, அதே ஆழம் கொண்ட இரண்டு குளங்களில் சத்து மிகுந்த குளம்தான் அதிகம் விடும். கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. சம்பின் தண்டு ஆக்சிஜனைக் கீழே கொண்டுபோவது போலவே மீத்தேனை மேலேயும் கொண்டுவரும். ஆழமற்ற ஓரம் நைட்ரஜனை நீக்கும், கொஞ்சம் மீத்தேனையும் விடும். அந்த இரண்டையும் தராசில் வைத்து ஓரத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். சாக்கடையைக் குறைத்தால் மீத்தேன் பக்கம் தானாக இறங்கும்.


கணக்குப்புள்ளி | ஞாயிறு, இரவு 10.40

சரி, தராசில் வைத்துச் சொல்வதை ஏற்கிறேன். பலகையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.


கரையோரவாசி | திங்கள், காலை 7.20

எல்லோருக்கும் நன்றி. நாணல் அக்கா, வரத்துக் கால்வாயைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. இப்போது மண் கால்வாய், இரண்டு பக்கமும் புல், நடுவில் மணல் திட்டு, குப்பையும் உண்டு. அதை கான்கிரீட் போட்டால் சுத்தமாக இருக்கும் என்று கூட்டத்தில் பலர் சொல்கிறார்கள். அதனால் என்ன இழப்பு?


நாணல் | திங்கள், மதியம் 12.55

ஓடையில் ஒரு நைட்ரஜன் அணு நேராகக் கடலுக்குப் போவதில்லை. கொஞ்ச தூரம் தண்ணீரோடு போகும், ஒரு பாசியோ பாக்டீரியாவோ பிடித்துக்கொள்ளும், அது செத்ததும் மறுபடி தண்ணீரில் இறங்கும், இன்னும் கொஞ்ச தூரம் போகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஏறிப் போகிற மாநகரப் பேருந்துப் பயணி மாதிரி. நல்ல ஓடையில் நிறுத்தங்கள் நெருக்கமாக இருக்கும், சில நிறுத்தங்களில் இறங்கியவர் திரும்ப ஏறவே மாட்டார், வாயுவாகிப் போய்விடுவார். தண்ணீர் மணலுக்குள் புகுந்து சில மீட்டர் தள்ளி வெளியே வரும் படுகைப் பகுதியில்தான் இந்த வேலை அதிகம். கான்கிரீட் போட்டால் மணலும் இல்லை, புல்வேரும் இல்லை, தண்ணீர் நிற்கவும் இல்லை. வந்த சரக்கு அப்படியே உங்கள் ஏரியில் இறங்கும்.

இதில் ஓர் எல்லையும் உண்டு. அமெரிக்காவில் 72 ஓடைகளில் அடையாளமிட்ட நைட்ரஜனை விட்டு அளந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. நைட்ரேட் ஏற ஏற ஓடை நீக்கும் மொத்த அளவு கூடியது, ஆனால் வந்ததில் எத்தனை பங்கு நீக்கியது என்று பார்த்தால் அது குறைந்துகொண்டே போனது. ஓடைக்கும் வயிறு நிறையும். மண் கால்வாயை விட்டுவைத்தால் போதும், சாக்கடை வரட்டும் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள்.


முகத்துவாரம் | திங்கள், இரவு 8.10

நான் எண்ணூர்க்காரி, அப்பா காலத்திலிருந்து கழிமுகத் தொழில். மேலே நீங்க கான்கிரீட் போட்டு வேகமா அனுப்புறது எல்லாம் எங்க வாசல்லதான் வந்து நிக்குது. அடையாறு, கூவம் முகத்துவாரம் வெயில் காலத்துல மணல் திட்டு அடைச்சிக்கும், அப்போ உள்ள இருக்கிறது உள்ளேயே அழுகும். முதல் மழை அடிச்சதும் சென்னையோட கால்வாய் எல்லாம் ஒரே மூச்சுல கழுவிட்டு வரும். அன்னைக்கு மடவை மீன் செத்து மிதக்கும். மழைத் தண்ணி விஷம்னு சிலர் நினைக்கிறாங்க. அடிச்சேறு கலங்கி ஆக்சிஜன் ஒரேயடியா போயிடுதுன்னு எங்க ஊர்ப் பசங்களே இப்போ சொல்றாங்க.

ஒன்னு கேக்கணும். கழிமுகச் சேறு ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு? ஏரிச் சேறு அப்படி இருக்கிறதில்லையே.


நாணல் | திங்கள், இரவு 11.25

அக்கா, கடல் தண்ணீரில் சல்பேட் நிறைய, லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம். ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியா பெருகி, மீத்தேன் உண்டாக்குபவற்றின் உணவைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் உப்பு ஏறிய சேறு பொதுவாக நன்னீர்ச் சேற்றைவிடக் குறைவாகவே மீத்தேன் விடும். அலையாத்திக் காடுகள் கார்பனைப் புதைத்து வைப்பதில் பெயர் வாங்கியதற்கு இதுவும் சேர்ந்த காரணம். ஆனால் அந்த பாக்டீரியா விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. கூவத்தின் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அது இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்பைடு, அதுவே கறுப்பு.

இதில் கவலைக்குரிய விஷயம் என்னவென்றால், இரும்பு சல்பைடாகிவிட்டால் பாஸ்பரஸைப் பிடிக்க அதற்குத் திராணி இல்லை. ஏரியில் அடங்கிக் கிடந்திருக்க வேண்டிய பாஸ்பரஸ் கழிமுகத்துக்கு வந்தால் எளிதில் விடுபட்டுக் கடலோரப் பாசிக்கு உணவாகும். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், பாலவாக்கம் பக்கம் அலை நீலமாக மின்னியதை ஊரே போய்ப் பார்த்தது. அது நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர். கடலோரத்தில் ஊட்டச்சத்து மிகுவதும் அது பெருகுவதற்கான காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. பார்க்க அழகுதான், மீனுக்கு அது நல்ல சேதி அல்ல. ஆகவே மேல் ஏரிகளில் வேலையை முடிக்காமல் கீழே தள்ளிவிடக் கூடாது.


பொன்னேரி வயல் | செவ்வாய், காலை 5.50

வண்டல் பத்தி பெரியவர் சொன்னது நூத்துக்கு நூறு. 2017-ல அரசாங்கம் விவசாயிங்க இலவசமா வண்டல் எடுக்கலாம்னு அனுமதி குடுத்தப்போ எங்க பக்கம் டிராக்டர் டிராக்டரா அள்ளினோம். மணல் பாங்கான நிலத்துல போட்டா ரெண்டு மூணு வருஷம் ஈரம் நிக்கும், அடியுரம் குறைச்சுப் போடலாம். ஆனா சிட்டி ஏரி வண்டலை எவன் குடுத்தாலும் சோதனைச் சீட்டு இல்லாம வாங்க மாட்டேன். பட்டறை, சாயம், பேட்டரி எல்லாக் கழிவும் அதுலதான் இருக்கும். ஈயம், குரோமியம் வயலுக்குள்ள போயிட்டா திரும்ப எடுக்க முடியாது. தூர் வாரின சேத்தை எங்க கொட்டப் போறாங்கன்னு அந்தக் கம்பெனிக்காரங்களைக் கேளுங்க. கரையிலேயே குவிச்சா அடுத்த மழைக்கு உள்ளதான் போகும்.


நாணல் | செவ்வாய், காலை 9.30

ஆகாயத்தாமரைக்கும் இதே கதைதான். அது சத்தை வேகமாக உறிஞ்சும், உண்மை. ஆனால் பொக்லைன் வைத்து எடுத்துக் கரையில் குவித்தால் அழுகி வடிந்து அத்தனையும் ஏரிக்கே திரும்பிவிடும். அள்ளியதை அன்றன்றே லாரியில் ஏற்றி, வடிநீர் திரும்பி வராத இடத்தில் மக்க வைத்தால் மட்டும்தான் அது வெளியேறிய கணக்கில் சேரும்.


தெற்குத் தெரு | செவ்வாய், மாலை 6.15

கொல்கத்தாவை யாரும் சொல்லவில்லையே. கிழக்கு கொல்கத்தா ஈரநிலம் 12,500 ஹெக்டேர், 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நகரத்தின் கழிவுநீரை ஆழமில்லாத மீன் பண்ணைக் குளங்களில் வெயிலில் நிறுத்துகிறார்கள். பாசி சத்தை எடுக்கிறது, மீன் பாசியைத் தின்கிறது, மீன் சந்தைக்குப் போகிறது, மிச்சத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர் அதை உலகத்துக்கு எடுத்துச் சொல்லிக் கடைசி வரை அதற்காகப் போராடினார். 2018-இல் காலமானார். பழைய மதகு ஐயா சொன்ன வெளியேறும் வழி அங்கே மீன் வடிவத்தில் இருக்கிறது.


பழைய மதகு | செவ்வாய், இரவு 8.45

நானும் அதைப் படித்து வியந்தவன். ஆனால் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே தலைமுறை தலைமுறையாக எந்தக் குளத்துக்கு எப்போது எவ்வளவு விடுவது என்று தெரிந்த மீனவர்கள் இருக்கிறார்கள், இடமும் பெரிது. நம் நாற்பது ஏக்கர் ஏரியில் கட்டுப்பாடில்லாமல் சாக்கடை விழுவதற்கு அதைச் சாட்சியாகக் காட்டிவிடக் கூடாது.

வேறு ஒரு சந்தேகம். கோடையில் வற்ற விட வேண்டும் என்று நாணல் அம்மா சொல்வது சரிதான். ஆனால் 2019 ஜூனில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, லாரித் தண்ணீருக்கு ஜனங்கள் குடத்தோடு நின்றதை மறந்திருக்க மாட்டார்கள். மதகைத் திறந்து ஏரியை வற்ற விடுங்கள் என்று கூட்டத்தில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். கிணறு வற்றிவிடும் என்பார்கள்.


நாணல் | செவ்வாய், இரவு 10.20

ஐயா, திறந்துவிட வேண்டாம். சாக்கடையை நிறுத்தினால் வெயிலே குறைத்துவிடும். கரையோரம் மதகடியில் ஆழமான பகுதி இருக்கட்டும், அதில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கலாம், மீனும் பறவையும் அங்கே பிழைக்கும். உள்வாய்ச் சரிவு மட்டும் பங்குனி முதல் வெளியே தெரிந்து காயட்டும். நிலத்தடி நீருக்கும் அது கெடுதல் இல்லை. அடியில் சாக்கடைக் கசடு படிந்து துளைகளை அடைத்த ஏரியில் தண்ணீர் நின்றும் கீழே இறங்குவது குறைவு. படுகை காய்ந்து வெடித்தால் அந்த அடைப்பு விடும். இறங்குகிற தண்ணீரின் தரமும் முக்கியம். இன்று அந்தக் கிணறுகளில் ஊறும் தண்ணீரில் எவ்வளவு நைட்ரேட் இருக்கிறது என்று சோதித்துப் பாருங்கள், சண்டைக்கு வருபவர்களும் யோசிப்பார்கள்.

கரையோரவாசிக்குக் கூட்டத்துக்காக. ஏரி முழுவதையும் மூன்று மீட்டருக்குத் தோண்டினால் சூரிய வெளிச்சம் அடி வரை போகாது, ஓரச் செடி நிற்க இடமிருக்காது, கோடையில் மேலே சூடும் கீழே குளிருமாகப் பிரிந்து அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீரும். நாலு பக்கமும் கரை கட்டினால் உள்வாய் செத்தது, மேட்டிலிருந்து வரும் மழைத் தண்ணீரும் உள்ளே வராது. அந்த இரண்டையும் உறுதியாக மறுத்துவிடுங்கள். பணம் இருந்தால் முதல் செலவு, வரத்துக் கால்வாய் ஏரியில் சேரும் இடத்துக்கு முன்னால் ஒரு சின்ன வண்டல் குட்டையும் அதையடுத்துச் சம்பு, கோரை நட்ட ஆழமற்ற தட்டும். குட்டையை ஆண்டுதோறும் வாரிவிடலாம், பெரிய ஏரியைத் தொடவே வேண்டியதில்லை. ஆனால் இதுவும் மிச்சசொச்சக் கழிவுக்குத்தான். வீடுகளின் இணைப்பைப் பாதாளச் சாக்கடைக்கு மாற்றாமல் எந்தத் தாவரமும் ஈடுகொடுக்காது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் என்றாலும் நைட்ரேட், பாஸ்பேட் எவ்வளவு என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் இரண்டும் இருக்கும்.


கரையோரவாசி | புதன், காலை 7.05

நடைபாதையை எதிர்த்தால் வயதானவர்கள் வருத்தப்படுவார்கள். இருக்கிற கரை மேலேயே போடலாம் என்று சொல்லப் போகிறேன். அளவீடு எதுவும் இல்லாமல் போனால் எங்கள் பேச்சு எடுபடாது. நாங்களே எதை அளக்கலாம்?


நாணல் | புதன், காலை 8.40

கரைந்த ஆக்சிஜன், காரத்தன்மை (pH), வெப்பநிலை மூன்றும் போதும். விடிவதற்கு முன் ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில். இரண்டுக்கும் இடையே எவ்வளவு ஏறி இறங்குகிறதோ அதுதான் ஏரியின் பாசிச் சுமையைச் சொல்லும். பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறையில் கருவி இருக்கும், கேட்டால் மாணவர்களை அனுப்புவார்கள். சேற்று மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து ஈயம், குரோமியம், மொத்தப் பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லுங்கள். தூர் வாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.


பழைய மதகு | புதன், மாலை 5.30

வரத்துக் கால்வாயை மழையில்லாத நாளில் கடைசி வரை நடந்து பார்க்க வேண்டும். மழையில்லாத நாளில் எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதோ அது கழிவுநீர். கிராமப் புல வரைபடத்தில் கால்வாயின் அகலம் இருக்கும், நகல் எடுத்து வையுங்கள், எங்கே குறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். சனிக்கிழமை காலை என்றால் நானும் வருகிறேன்.


கரையோரவாசி | புதன், இரவு 9.50

சனிக்கிழமை சரி ஐயா. காலை ஆறு மணிக்குக் கலங்கல் பக்கம் இருப்போம். குழாய் ஒவ்வொன்றுக்கும் படமும் இடமும் குறித்து ஞாயிறு கூட்டத்தில் வைக்கிறோம். சோதனைச் சீட்டு வந்ததும் இங்கேயே பதிவிடுகிறேன்.